ஜாதிகளின் மேல் நியாயத்தீர்ப்பு

பூனாவில், கோர்படியில் எங்கள் தமிழ்ச் சபையில் இருபது வருடங்களாக இந்தி மைக் என் கையில்தான் இருக்கிறது. பிரசங்கம் தமிழில் நடக்கும், நான் பக்கத்தில் நின்று வரிக்கு வரி இந்தியில் சொல்வேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் வரும், வேதத் தமிழ் வராது. 'சாப்டியா' என்றால் புரியும், 'அக்கிரமம்' என்றால் என் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே பெண்ணெடுத்த மராத்தி மாப்பிள்ளைகள் நாலைந்து பேரும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் இந்தி டீச்சர் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அதை நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மொழிபெயர்ப்பவருக்கு எந்தச் சொல் வழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வேதத்தில் முதலில் வழுக்குவது 'ஜாதி'. பழைய மொழிபெயர்ப்பில் தேசங்களை ஜாதிகள் என்றே எழுதியிருக்கிறார்கள். எகிப்து ஒரு ஜாதி, பாபிலோன் ஒரு ஜாதி. அந்தக் காலத் தமிழில் அது சரி. இன்றைக்கு நம் வீடுகளில் அந்தச் சொல் எதற்குப் பயன்படுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் பிரசங்கத்தில் 'ஜாதிகள்' வந்தால் நான் இந்தியில் 'ராஷ்ட்ர' என்பேன். தேசங்கள் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அது பிசகியதில்லை. பிசகியது போன வருடம் நடந்த மூன்று நாள் கூட்டத்தின் கடைசி நாளில்.

அதைச் சொல்வதற்கு முன் என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கு முப்பது வயது. ஐ.டி. வேலை. ஆபீசுக்குப் பக்கம் என்று சாங்வியில் நண்பர்களோடு ஃப்ளாட் எடுத்திருக்கிறான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு எங்களோடு சபைக்கு வருவான். அவன் கட்டிக்கொள்ள விரும்பிய பெண்ணும் எங்கள் சபைதான், கோந்த்வாவில் வீடு. ஞாயிறு பள்ளியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவளுடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் மைக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் அவர் பொறுப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜையில் சவுண்ட் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். என் மைக் இரைந்தால் அங்கிருந்தே கையை அசைத்துத் தள்ளிப் பிடிக்கச் சொல்வார். பல வருடங்களாக எனக்கும் அவருக்கும் இடையே பேச்சு அவ்வளவுதான்.

அவர்கள் எங்கள் ஜாதி இல்லை. எங்களுக்குக் கீழே என்று எங்கள் ஆட்கள் நினைக்கிற ஜாதி.

என் வீட்டுக்காரர் அந்தச் சபையின் செயலாளர். ராணுவ அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர் இவர். ரத்தம் கொடுத்தார், பையனைக் கொடுக்க மனம் வரவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "அவங்களுக்கும் நமக்கும் கொண்டான் கொடுத்தான் கெடையாது. ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

ஊர் என்று அவர் சொல்வது திருநெல்வேலிப் பக்கம். அதை விட்டு வந்தது இவருடைய தாத்தா. இவர் கல்யாணம், சாவு என்று ஏழெட்டு முறை போயிருப்பார். அங்கே எங்களுக்குக் கதவைத் திறக்க ஓர் ஆள் கிடையாது. ஆனாலும் ஜாதி மட்டும் டிக்கெட் எடுக்காமல் எங்கள் பெட்டியோடு பூனாவுக்கு வந்து மூன்று தலைமுறையாகச் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

அவரை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். மகன் அந்தப் பெண்ணை முதல்முறை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, மேல்தட்டில் இருந்த பூப்போட்ட கப்பை எடுத்துத் துடைத்து அவளுக்கு டீ கொடுத்தேன். மருமகளாக வரப்போகிறவளுக்கு மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நண்பர்கள் யார் வந்தாலும் நாங்கள் தினமும் குடிக்கிற ஸ்டீல் டம்ளரில்தான் கொடுப்பேன். அவள் போன பிறகு அந்தக் கப்பைத் தனியாகக் கழுவி மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சபையில் திருவிருந்துக்கு மண்டியிட்டு நானும் அவர்களும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். அதை இத்தனை வருடம் வாயால் மொழிபெயர்த்தும் இருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

மூன்று நாள் கூட்டத்துக்குப் பிரசங்கியாரைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தது என் வீட்டுக்காரர்தான். தலைப்பு, தேசங்களின் மேல் வரும் நியாயத்தீர்ப்பு. அந்தத் தலைப்புக்குக் கூட்டம் நிச்சயம். வெள்ளிக்கிழமை அசீரியாவும் எகிப்தும் விழுந்தன. சனிக்கிழமை தீருவும் பாபிலோனும் விழுந்தன, கூடவே இன்றைக்குப் படையும் பணமும் வைத்துக்கொண்டு ஆட்டம் போடுகிற நாடுகளையும் அவர் ஒரு பிடி பிடித்தார். நல்ல குரல், நல்ல படிப்பு, கையில் செய்தித்தாள் நறுக்குகள் வேறு. முன்வரிசைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். அடுத்தவன் வீட்டுக்கு வருகிற நியாயத்தீர்ப்பைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பாபிலோன் எப்போதும் வேறு யாரோ, எங்கேயோ கடலுக்கு அப்பால்.

ஞாயிறு காலை, சபைக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டு மேஜையில் மகன் மறுபடி பேச்சை எடுத்தான். பெண்ணின் அப்பா ஒன்று சொல்லியிருக்கிறாராம். தன் மகளை வேண்டாத வீட்டுக்கு அனுப்ப மாட்டார், இந்த மாதத்துக்குள் நாங்கள் முறைப்படி வந்து கேட்காவிட்டால் வேறு இடம் பார்ப்பார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றான். ரிஜிஸ்டர் ஆபீசில் போய்க் கட்டிக்கொள்ள இரண்டு பேருக்குமே இஷ்டமில்லை. வளர்ந்த சபையில், பெரியவர்கள் எழுந்து நிற்க, அங்கேதான் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர், தான் செத்த பிறகு தாராளமாக நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மகன் என் பக்கம் திரும்பி என்னைப் பேசச் சொன்னான். "மம்மி, நீங்களாச்சும் ஏதாவது போலோ நா."

"தோசை ஆறுது, சாப்பிடு" என்றேன்.

அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டான். ஒரே ரிக்‌ஷாவில் மூன்று பேரும் சபைக்குப் போனோம். எனக்கு அன்று யார் மேல் கோபம் என்று தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. பெரும்பாலும் என் மேல்தான்.

பிரசங்கியார் அன்று எல்லாத் தேசங்களையும் ஒன்றாக நிறுத்தி வைத்துப் பேசினார். "கர்த்தர் ஜாதிகளை நியாயந்தீர்க்க எழும்புகிறார்" என்று மேஜையைத் தட்டினார். நான் மைக்கை உயர்த்தினேன். வாயில் வந்தது, "பரமேஷ்வர் ஜாதியோங் கா ந்யாய் கர்னே உட்தா ஹை."

கர்த்தர் ஜாதிகளுக்கு, நம் வீட்டு ஜாதிகளுக்கே, தீர்ப்புச் சொல்ல எழுகிறார். சொன்ன உடனே தெரிந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பின்பாதியில் போனைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஒரு மராத்தி மாப்பிள்ளை மனைவியிடம் குனிந்து ஏதோ கேட்டார். பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக "ஆமேன்" என்றார். அது என் மகனின் குரல் இல்லை. சவுண்ட் பெட்டி மேஜைப் பக்கத்திலிருந்து வந்தது.

பிரசங்கியாருக்கு இந்தி தெரியாது. தன் வார்த்தை பிடித்துக்கொண்டது என்று நினைத்து அவர் இன்னும் சூடானார். "பலத்த ஜாதிகளே" என்றார். என்னைப் பார்த்து நிறுத்தினார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. 'ராஷ்ட்ர' என்று சொன்னால் போதும், முதலில் சொன்னது கைதவறி விழுந்த கரண்டி மாதிரி மறந்துபோகும். எதிரே முன்வரிசையில் என் வீட்டுக்காரர் புருவத்தைத் தூக்கிக் காட்டினார், திருத்து என்று. அவருக்கு இந்தி என்னைவிட நன்றாகவே தெரியும்.

"ஏ பல்வான் ஜாதியோ" என்றேன். அந்த முறை வாய் தவறவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான் அதே சொல்லில் ஏற்றினேன். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை யார் இறக்க முடியும் என்று இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே என்று நீங்கள் நினைத்தவர்களின் கழுத்தில் கால் வைத்தீர்கள். உங்கள் அப்பன்மார் செய்ததையே நீங்களும் செய்துகொண்டு பரிசுத்தவான்கள் என்று பாட்டுப் பாடுகிறீர்கள். தமிழில் அது பாபிலோனுக்கு. இந்தியில் அது எங்கள் முன்வரிசைக்கு. இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்கு இரண்டும் விழுந்தது, எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நடுவில் ஒரு விஷயம் கவனித்தேன். என் மைக்கின் சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. பின்னால் சவுண்ட் பெட்டியின் மேல் அந்தப் பெண்ணின் அப்பா கை இருந்தது. என்னை அவர் பார்க்கவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே சமோசாவும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரசங்கியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதற்குள் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். "நான் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணாம்லா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேவனுடைய வார்த்தையை எடுத்துக்கொடுக்கிறவர்கள் அதில் தங்கள் சொந்தச் சண்டையைக் கலக்கக்கூடாது, இன்றைக்கு நல்லதுக்கு நீங்கள் கலந்தால் நாளைக்குக் கெட்டதுக்கு இன்னொருவர் கலப்பார் என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்து நின்று தப்பைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவை எனக்குச் சொல்ல வேண்டியவர் செயலாளர். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே, அலுவலகக் குரலில் சொன்னார். திருத்துகிறேன் என்றேன். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, செருப்போடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. இந்தி வேதத்திலும் பல இடங்களில் தேசங்களுக்கு 'ஜாதி' என்றே போட்டிருக்கிறார்கள். பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் கமிட்டி வாயடைத்துப் போயிருக்கும். ஆனால் நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். பொய்யை வேதத்தை வைத்து மூடுகிற வேலை எனக்கு வேண்டாம்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீர்க்கதரிசிகளை எடுத்து வைத்து வரிசையாகப் படித்தேன். மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு வரியாகத்தான் பார்ப்பேன், முழுதாக உட்கார்ந்து படித்து வருடக்கணக்காகிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். அவர் பிரசங்கத்தைச் சுற்றியுள்ள தேசங்களிலிருந்து ஆரம்பிக்கிறார். வடக்கே இருப்பவன், மேற்கே இருப்பவன், கடற்கரைக்காரன், அண்டை வீட்டுக்காரன் என்று ஒவ்வொருவரின் அக்கிரமத்தையும் அடுக்குகிறார். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் எங்கள் முன்வரிசை மாதிரியே தலையை ஆட்டியிருப்பார்கள். பிறகு அதே மூச்சில், அதே வார்த்தைகளோடு, கேட்கிறவர்களின் பக்கமே திரும்பிவிடுகிறார். ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்கள் நீங்கள் என்கிறார். என் மொழிபெயர்ப்பு தப்புதான், ஆனால் விலாசம் தப்பில்லை. இனி அந்த விலாசத்துக்கு நான் வேறு ஒருவர் வாயைக் கடன் வாங்கிப் பேச வேண்டியதில்லை. என் கையில் செய்ய ஒரு காரியம் இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பது. அதற்கான படிவத்தில் இரண்டு வீட்டிலும் பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். இத்தனை நாளும் என் வீட்டுக்காரர் போட மாட்டார் என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கும் கை இருக்கிறது என்று மகனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனை வரச்சொல்லி அவனோடு கோந்த்வாவுக்குப் போனேன். முறைப்படி பெண் கேட்டேன். பெண்ணின் அப்பா, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வரவில்லை, அவருக்குச் சம்மதமும் இல்லை, நான் கேட்கிறேன் என்றேன். டீ கப் விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் அன்றைக்கே கவனித்திருக்கிறாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த படிவத்தை எடுத்துப் படித்தார். பிறகு பேனா கேட்டார்.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஞாயிறுக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். படிவத்தைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "நாளைக்கு ஓலை வாசிக்கணும். செயலாளர் நீங்க. வாசிக்க இஷ்டம் இல்லைன்னா இப்பமே போதகர்ட்ட சொல்லிருங்க, அவர் வாசிப்பார்."

அவர் சட்டையின் ஒரே கையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். போதகருக்குப் போன் எதுவும் போகவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முப்பத்தியிரண்டு வருடக் குடித்தனத்தில் அவரிடம் கேட்காமல் நான் செய்த முதல் பெரிய காரியம் அது. ஆனால் திரும்பப் போகிற எண்ணம் துளியும் இல்லை.

ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் முதலில் நான் எழுந்தேன். தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். "போன ஞாயிறு பிரசங்கியார் தேசங்களைத்தான் ஜாதிகள்னு சொன்னார். நான் இந்தியில நம்ம ஜாதிகளைச் சொல்ற மாதிரி சொன்னேன். முதல் தடவை வாய் தவறுனது. அப்புறம் சொன்னதெல்லாம் தெரிஞ்சே சொன்னேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதா சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க. அதைக் கேட்டு யாராவது ஆமேன் சொல்லியிருந்தா, அதைத் திருப்பி வாங்க எனக்கு அதிகாரம் கெடையாது."

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து தமிழ் மைக்கின் முன் நின்றார். மகனின் பெயரை வாசித்தார். தன் பெயரை, இன்னாருடைய மகன் என்கிற இடத்தில், யாரோ ஒருவர் பெயர் போல வாசித்தார். பெண்ணின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தால் என்கிற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். தாள் கையில் இருக்கிறது, உதடு அசையவில்லை. மூலத்துக்கு முந்தி நான் ஒருநாளும் பேசினதில்லை. காத்திருந்தேன். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து இந்தியில் நானே கேட்டேன், இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று. அவர் வாயைத் திறக்கவில்லை. தாளை மடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டம் நடக்கும் என்று அடுத்த அறிவிப்பைப் படித்தார்.

இரண்டாவது ஞாயிறும் அதே இடத்தில் நின்றார். அப்போதும் நான்தான் கேட்டேன். அந்த இரண்டு வாரமும் வீட்டில் எங்களுக்குள் உப்பு இருக்கிறதா, பால் வந்ததா என்பதற்கு மேல் பேச்சில்லை. முன்வரிசை ஆட்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து அவரோடு வராந்தாவில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் போனதும் அவர் நாற்காலிகளைச் சத்தமாக உள்ளே இழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் பெயர்களை வாசித்தார். அந்த வரி வந்தது. நான் மைக்கைக் கையில் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல இங்கே யாருக்காவது ஏதாவது இருக்குதா?" என்று தமிழில், எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டார். பதில் வருமளவுக்கு நேரம் கொடுத்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை இந்தியில் சொன்னேன்.